கப்பலில் வந்த மிளகாய்

2014, மாசி மாதம். பரமக்குடியிலிருந்து ரயிலில் விருத்தாசலம் வந்து, பஸ் மாறி நெய்வேலியில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. கையில் எங்கள் காட்டில் விளைந்த குண்டு மிளகாய் இரண்டு கிலோ. அப்பாவுக்காக எடுத்து வந்திருந்தேன். ஆட்டோ ஓட்டுநர் வழியெல்லாம் தும்மினார்.

"பையில மொளகாவாங்க? தும்மிக்கினே வரேன்" என்றார், கோபமில்லாமல்.

மரங்கள் அடர்ந்த நேர்த்தெருக்கள், தெருவுக்குத் தெரு ஒரே அச்சில் குவார்ட்டர்ஸ். தம்பி வீட்டு வாசலுக்கு எழுபது ரூபாய்.

உள்ளே கட்டிலில் கிடந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு முன், தம்பியோடு இருக்க இங்கே வரும்வரை, காட்டில் சாக்கு தூக்கிய அப்பா, எலும்பாகக் கிடந்தார். தம்பி சுரங்கத்தில் காலை ஷிப்ட். அவன் மனைவி செல்வி குறிஞ்சிப்பாடிக்காரி, பள்ளியில் வரலாற்று ஆசிரியை. என்னை அடுப்படிக்கு அழைத்துச் சொன்னாள். வயிற்றுப் புண், போன வாரம் ரத்த வாந்தி, மிளகாயே கூடாது, மிளகு கொஞ்சம் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பயந்துவிடுவேன் என்று அப்பாதான் மறைக்கச் சொன்னாராம்.

"காரம் இல்லன்னா வேணாம்னு பட்டினியா படுத்துக்கினு இருக்காரு அண்ணி."

மிளகாய்ப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். செல்வி வாங்கிப் பரண்மேல் போட்டாள்.

மதியம் மிளகு ரசம் சோறு கொண்டுபோனோம். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிளகாய் இல்லாத சோற்றை நம் வம்சத்தில் எவனும் தின்றதில்லை என்றார். செல்வி தட்டோடு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"மாமா, மொளகா நம்மூர்தே இல்ல. கடலுக்கு அந்தாண்ட அமெரிக்காவுலேர்ந்து போர்த்துகீசியருங்க கப்பல்ல கொண்டாந்தது. ஐநூறு வருசம்கூட இருக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மன் கோயிலுக்கு முதல் பறிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிற குடும்பம் நாங்கள். பொய் என்று சண்டைக்கே போனேன். சங்கப் பாட்டில் மிளகு இருக்கிறது, அதற்குக் கறி என்றே பெயர், மிளகாய் எங்குமே இல்லை என்றாள். மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால்தான் மிளகாய் என்றாள். தினமும் வாயில் புழங்குகிற சொல். அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்பா எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்ப அதுக்கு முந்தி நம்ம ஆளுக என்னத்தத் தின்னாக?"

"மிளகுதான் மாமா."

எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டார். நாலு கவளம் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களின் பேச்சில் திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எத்தனையோ ஊர் கேட்டது. பரமக்குடியில் எங்கள் தெருவில் வேற்றூர்ப் பேச்சு ஒன்று கேட்டால் திரும்பிப் பார்ப்போம். இங்கே யாரும் திரும்பவில்லை. புறப்படுமுன் அப்பாவிடம், இனி காட்டில் பருத்தி போடட்டுமா என்று கேட்டிருந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கருந்து வந்தா என்னத்தா? நம்ம மண்ணுலதான நிக்கிது. ரெண்டாம் பறிப்ப விட்டுறாத, போ."