ஆண்டனியின் ராஜினாமா

ஆண்டனி வருஷத்துக்கு ஒரு தடவையாவது ராஜினாமா செய்வார். கசார்வாடியில் வண்டிகளுக்குத் தகரப் பாகங்கள் அடிக்கும் எங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஃபோர்மேன் மனோஜோடு முட்டிக்கொண்டால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு காகிதம் தயாராகிவிடும். புனேயில் பிறந்து, மராத்தியில் சண்டை போடுகிற மனிதர், ராஜினாமாவை மட்டும் தமிழில்தான் எழுதுவார்.

அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீசில் இரண்டே பேர். ஒருத்தி நான், கணக்குப் பிரிவு. இன்னொருத்தி என் சிநேகிதி வைஜயந்தி, ஹெச்.ஆர். மேனேஜர். "என்ன ஆண்டனி, இந்த வருஷக் கோட்டாவா?" என்று வாங்கிப் படித்து, அவர் கண்ணெதிரிலேயே கிழித்துக் கூடையில் போடுவாள். பிறகு திட்டு ஆரம்பிக்கும். அவர் பதிலுக்கு மனோஜைத் திட்டுவார். சாயங்காலத்துக்குள் இருவரும் மறந்துவிடுவார்கள். பெயருக்குத்தான் அது ராஜினாமா. மனுஷருக்கு வேண்டியதெல்லாம் யாராவது கூப்பிட்டு என்னவென்று கேட்பது.

வைஜயந்தியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் லீவு, கேட் பாஸ், ஷிஃப்ட் மாற்றம், யூனிஃபார்ம் என்று வரிசை நிற்கும். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் அடித்து அடித்தே அவள் மணிக்கட்டு வீங்கியது. மகன் விச்சுவின் பள்ளி விழா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. அதனால் போன வருஷம் புதிய மென்பொருள் வந்தபோது அவளைப் போலச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. எது யாரிடம் போக வேண்டும், அவர் சரி சொன்னபின் என்ன நடக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆட்கள் போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஃபோர்மேன்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததால் வைஜயந்தி அதில் ஒரு விதி சேர்த்தாள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். லீவை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தாள், ஆனால் விதி எல்லா விண்ணப்பங்களுக்கும் சேர்ந்து விழுந்துவிட்டது. அவளும் கவனிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிய நானும் கவனிக்கவில்லை. மேஜை காலியானது. ஐந்தரைக்கெல்லாம் வாகட்டிலிருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறினாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

கணபதி சமயத்தில் ஆண்டனிக்கும் மனோஜுக்கும் வழக்கம்போல முட்டிக்கொண்டது. அன்றே மனோஜ் பண்டிகைக்காகக் கொங்கணத்துக்குப் போய்விட்டான். அவன் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஆண்டனி காகிதத்தோடு ஆபீசுக்கு வந்தார். வாசலில் ரிசப்ஷன் பெண் வைஷு, இனிமேல் எல்லாம் ஆப்பில்தான், உள்ளே யாரையும் பார்க்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் மகள் காவ்யா, அப்பா வருஷா வருஷம் செய்கிற கூத்துதானே என்று ராஜினாமாவைப் போனில் அடித்து அனுப்பிவிட்டாள்.

அது போய்ச் சேர்ந்தது ஃபோர்மேன் மனோஜுக்கு; அவனிடமிருந்து பதில் வரவில்லை. மென்பொருள் சொன்னபடி கேட்டது. ராஜினாமாவை ஏற்றது, நோட்டீஸ் காலத்துக்கு மிச்ச லீவைக் கழித்தது, கேட் கார்டை நிறுத்தியது, காலியிடம் என்று தலைமை ஆபீசுக்குத் தகவல் அனுப்பியது. வைஜயந்தியின் பெயரும் கையெழுத்தும் போட்ட ஒரு வாழ்த்துக் கடிதமும் ஆண்டனியின் போனுக்குப் போனது. இது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதற்காகத்தானே அதை வாங்கியதே.

மனோஜ் ஊரிலிருந்து திரும்பி, ஆண்டனி எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அந்த மிஷினில் ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் போட்டிருந்தார்கள். வைஜயந்தி மேலிடத்தில் போய்ச் சண்டை போட்டாள், கெஞ்சினாள். அவராகக் கொடுத்தார், நீங்களாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவள் கடிதத்தையே அவளுக்குக் காட்டினார்கள். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று என்னையும் துணைக்கு அழைத்தாள்.

கதவைத் திறந்த ஆண்டனியின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "காவ்யா, நான் சொன்னேன்ல, மேடம் வருவாங்கன்னு! நீதான் நம்பல," என்றார்.

வைஜயந்தி வாசலிலேயே நின்றாள். "ஆண்டனி, நீங்க அனுப்பினது என் கண்ணுலயே படல. அது தானாவே போயிடுத்து."

"எனக்குத் தெரியாதா மேடம்? லெட்டரைப் பாத்ததும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. திட்டி ஒரு போன் வரும்னு பாத்துட்டே இருந்தேன். விடுங்க, அதான் வந்துட்டீங்களே." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "எந்த ஷிஃப்ட்டு? நாளைக்கே வரட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க எடத்துக்கு ஆள் போட்டாச்சு ஆண்டனி. எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், முடியல. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ஆண்டனியின் கை பொத்தானிலேயே நின்றது. நாற்காலி கொண்டுவந்த காவ்யா அப்பாவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"பரவால்ல, உள்ள வாங்க மேடம்," என்றார் அவர். "நீங்க வந்ததே பெருசு."

மனசாரத்தான் சொன்னார். அதைத்தான் வைஜயந்தியால் தாங்க முடியவில்லை. அவர் வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.