அறுபதைத் தாண்டினால் ஆடும் வண்டி

தங்கச்சாமி என்ற பெயரைப் பொன்மணி முதன்முதலில் கேட்டது ஒரு சாவுக் கணக்கில்தான். நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறை வெடித்துப்போனது. தெருக்குழாயடியில் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, போனவர்களை உறவு சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். சின்னத்தாயின் கொழுந்தன், அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன், மூக்கம்மாளுக்குப் பெரியப்பா மகன் என்று வரிசை வந்து, கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "தங்கச்சாமி மட்டும் பொளைச்சுக்கிட்டான். தண்ணி குடிக்க வெளிய வந்திருக்கான்."

உள்ளே யாரோ டப்பா மூடியை இரும்புத் துண்டால் நெம்பியிருக்கிறார்கள். ஒரு பொறி, அவ்வளவுதான்.

மறு வருஷமே பொன்மணியை அந்தத் தங்கச்சாமிக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். "எமனே வேண்டாம்னு விட்டுட்டுப் போனவன். எம்மக தாலி கெட்டியா நிக்கும்" என்றார் அவள் அப்பா.

மருந்து அறையில் இரும்பு ஆகாது. பித்தளை, மரம், காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு. எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம் இது. மருந்து அறை வேலையை விடாத தங்கச்சாமி அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். தோசையை மரக்கரண்டியால்தான் திருப்ப வேண்டும். கதவுக் கொண்டியில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். "உங்க வீட்டுல களவாங்க வாறவனுக்கு எம்புட்டு வசதி மதினி. ஒரு சத்தம் வராதே" என்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் கேலி பேசுவாள். பொன்மணியும் சிரித்துக்கொள்வாள். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாலுவழிச் சாலை போட்டு முடிந்த சமயம், அவள் தம்பி பாண்டிச்செல்வம் புதிதாக ஒரு பிக்கப் வண்டி எடுத்தான். தாயில்லாத பிள்ளை. பொன்மணி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பட்டாசு லோடு ஏற்றி ஊர் ஊராகப் போய்வந்தான்.

கொஞ்ச நாளில் வண்டிக்கு ஒரு நோக்காடு வந்தது. சிவகாசிக்குள் பூப்போல ஓடும். நாலுவழிச் சாலையில் ஏறி அறுபதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். ஸ்டீயரிங் ஆடாது, ஓட்டுகிறவன் இடுப்புதான் ஆடும். வாங்கின இடத்தில் கொண்டுபோய் விட்டான். முன்சக்கரங்களைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டி, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள்.

பொன்மணி கண்ணேறு என்று முடிவு கட்டினாள். வாரம் தவறாமல் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள்.

"அக்கா, டயரே ஊறுகாயாப் போச்சு. இனியாவது நிப்பாட்டுறியா?" என்றான் பாண்டிச்செல்வம்.

"நீ லோடு ஏத்துறதை நிப்பாட்டு, நான் நிப்பாட்டுறேன்."

தங்கச்சாமி மட்டும் பதறவில்லை. "மெதுவாப் போ மாப்ளே, பளகிக்கிரும்" என்பார்.

தீபாவளி சீசனில் மதுரைக்கு ஒரு லோடு. திருமங்கலத்தில் ஒரு சடங்கு வீட்டில் இறங்கிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கூடவே ஏறிக்கொண்டார்கள். பின்னால் பெட்டி பெட்டியாகச் சரக்கு, மேலே தார்ப்பாய். சூலக்கரைப் பக்கம் வேகம் எடுத்ததும் நடுக்கம் கிளம்பியது. அன்றைக்கு நடுக்கத்தோடு நிற்கவில்லை. பின்னால் டொக்கு டொக்கென்று ஒரு சத்தம். பாண்டிச்செல்வம் வேகத்தைக் குறைத்தான். ஓரங்கட்டி, ஊர்ந்து ஊர்ந்து ஒரு பஞ்சர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

கடைக்காரர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். நட்டு ஒன்றைக் காணவில்லை. மற்றதைத் தொட்டார், விரலுக்கே சுழன்றது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தை உருவியதும் அவர் கை அப்படியே நின்றது. சக்கரத்துக்கும் உள்ளே இருந்த டிரம்முக்கும் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு ரப்பர். போல்ட்டுக்கு அளவாகத் துளை போட்டு, அழகாக வெட்டியிருந்தது. ஓரமெல்லாம் தீய்ந்து கிழிந்திருந்தது.

"இது எவன் பாத்த வேலை?"

பொன்மணிக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கம்பெனித் தரையில் விரிக்கிற ரப்பர் அது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தான் வச்சேன்" என்றார் தங்கச்சாமி. குரலில் ஒரு பயமும் இல்லை. "மாப்ளே மாமியா வீட்டுக்குப் போயிருந்தப்ப வச்சேன். சரக்கு ஏத்துற வண்டி. இரும்பும் இரும்பும் ஒரசக்கூடாதுல்ல? முன்சக்கரத்துக்கும் வெட்டி வச்சிருக்கேன். அதையும் போட்டுட்டா ஆட்டம் நின்னுரும்னு இருந்தேன்."

பாண்டிச்செல்வம் அந்த ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

கடைக்காரர் தங்கச்சாமி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இரும்போட இரும்பு இறுகிக் கெடந்தா ஒரசாது. நடுவுல மெத்தை போட்டா நட்டு நிக்காது, சக்கரம் ஆடும். ஆடுனாத்தான் ஒரசும். இன்னுங் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் தனியா ஓடியிருக்கும், இம்புட்டு வெடியும் ரோட்டுல உருண்டிருக்கும்."

தங்கச்சாமி தார்ப்பாயைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பொன்மணி தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"உன்னையக் காப்பாத்தத்தான் வச்சேன் மாப்ளே."

"தெரியும் மச்சான்" என்றான் பாண்டிச்செல்வம். கோபமாகப் பேச வாயெடுத்தவன், அவர் மண்ணில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "எந்திரிங்க. இன்னொரு பக்கத்தையும் கழத்தணும். நீங்களே வந்து முறுக்குங்க."

பொன்மணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தங்கச்சாமி எழுந்தார். ரப்பரை உருவி எறிந்த பிறகு, இரும்புச் சக்கரம் இரும்பில் போய் உட்கார்ந்தது. காணாமல் போன நட்டுக்கு வேறொன்றைக் கடைக்காரர் தேடிக் கொடுத்தார். தங்கச்சாமி ஸ்பேனரை மாட்டி, அவர் சொன்னபடி அதன் மேல் காலை வைத்து ஏறி நின்றார். கண்ணை இறுக மூடியிருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒவ்வொரு நட்டும் கிறீச்சென்று இறுகும்போதும், வண்டியில் இருந்த சரக்கையே பார்த்தபடி பொன்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி எண்பதில் போனபோது சீட்டு அசையவில்லை. மூன்று பேரும் திருமங்கலம் வரை பின்சக்கரத்துப் பக்கமே காதைக் கொடுத்தபடி போனார்கள்.

அதற்குப் பிறகு தங்கச்சாமி மருந்து அறை வேலைக்குப் போகவில்லை. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். நாரணாபுரத்தில், மச்சினன் வீட்டுக்கு அடுத்த வீட்டில், பொன்மணியோடு இருக்கிறார்.