இத்தாலித் தோள்

முதுகுளத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடிக்கடி வலது தோளைத் தடவிக்கொண்டார். இத்தாலியில் ஒரு மலையுச்சிக் கிராமத்து ஆட்டுப்பண்ணையில் வேலையாம். அந்நாட்டுச் சரித்திரத்தை அவருக்கே எடுத்துச் சொன்னேன். படித்தவன் வேறென்ன செய்வான்? பொறுமையாகக் கேட்டார்.

“அங்கன திருவிழாவுல புனிதர் சிலையத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க சார். பரம்பரையா சில குடும்பந்தான் தூக்கும். இப்ப எல்லாம் கிழவங்க. அதான் என்னையக் கூப்பிட்டாங்க. செம பாரம், இன்னும் வலிக்குது.”

“நீங்க கிறிஸ்தவரா?”

“இல்ல சார். அவங்க கேக்கவும் இல்ல.”

எங்கள் ஊர்த் தேருக்குத்தான் அவரும் வந்திருந்தார்; அதே ஊர், வேறு தெரு. அவர் தெருக்காரர்கள் அங்கே வடம் தொடக் கூடாது.

“இந்த வருசம் கேட்டுப் பாக்கணும் சார். இழுக்க ஆளில்லாம போன வருசம் ஜேசிபி வச்சுத் தள்ளுனாங்க. அதுக்கிட்ட எந்தத் தெருன்னு யாரும் கேக்கலையே.”

ஊர் சேர்ந்ததும் கோயில் கமிட்டியிடம் கேட்டாராம். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்களாம்.

மறுநாள் தேரோட்டத்தில் நானும் நாலைந்து பென்ஷன்காரர்களும் வடத்தைப் பிடித்தபடி நின்றோம். பின்னாலிருந்து ஜேசிபி தள்ளியது. தெருமுனையில் அவர் நின்றிருந்தார். தேரைக் கும்பிடத் தூக்கிய கை, வடத்தோடு என்னைப் பார்த்ததும் தோளுக்கே திரும்பிவிட்டது.