நாலா வரைக்கும் ஒரு வார்டு

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு மூங்கில் ஏணி தொங்குகிறது. ஒரு காலத்தில் பளிச்சென்று பச்சை பெயின்ட் அடித்திருந்தது. இப்போது கணுக்களில் மட்டும்தான் பச்சை மிச்சம். நடுவில் இரண்டு படிகள் இல்லை. முருங்கைக்காய் பறிக்கக்கூட உதவாத இந்த ஏணியை என் கணவர் வருடாவருடம் தூக்கிப்போடப் பார்ப்பார், நான் விடமாட்டேன். அது என் மாமியாரின் தேர்தல் சின்னம். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன், எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பாதிப் பேர் ஆண்ட்டி என்று கூப்பிட்டார்கள். ஒரே ஒரு முறை முனிசிபல் தேர்தலில் நின்றார். அந்தத் தேர்தலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அத்தை பிறந்தது இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில். சின்ன வயதில் கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து, மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் போர்ட் பிளேருக்கு வந்தவர். மலைத் தோட்டத்துப் பேச்சை மட்டும் எங்கும் இறக்கி வைக்கவில்லை. ஓடையைக் கான் என்பார். சந்து அவருக்கு லயம். விருதுநகரிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு முதல் ஆறு மாதம் அவர் பேசுவதிலும் பாதி புரியாது, தெருவில் பேசும் இந்தியிலும் பாதி புரியாது.

எங்கள் தீவுகளில் எம்.எல்.ஏ. என்ற ஆளே கிடையாது. எம்.பி. ஒருவர்தான். வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்ப்பெல் பே வரை, நடுவிலிருக்கும் கடலையும் சேர்த்து, எல்லாம் ஒரே தொகுதி. எம்.பி. தேர்தலுக்கு நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கரையில் இறங்கிக் கும்பிட்டாலும் அது அவர் தொகுதியாகத்தான் இருக்கும். வார்டு அப்படியில்லை. ஒரு வேலியைத் தாண்டினால் வேறு வார்டு. அந்த வருடம் வார்டுகளைப் புதிதாகப் பிரித்து எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்காகவும் தெருவிளக்குக்காகவும் அத்தை ஏற்கெனவே எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், நீயே நின்றுவிடு என்று அக்கம்பக்கத்தில் கிளப்பிவிட்டார்கள். அவரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வார்டு எதுவரை என்று கேட்கத் தானே ஆபீசுக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "நாலா தக்" என்றாராம். இந்தியில் நாலா என்றால் ஓடை, தக் என்றால் வரைக்கும். அத்தைக்கு அது தெரியாதா? மீன் மார்க்கெட்டில் இந்தியிலேயே பேரம் பேசி மீன்காரரை அழ வைத்தவர்! ஆனால் ஒண்ணாம் லயம், ரெண்டாம் லயம் என்று எண்ணி வளர்ந்த காது அது. நாலா என்றதும் நாலாம் லயம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

எங்கள் மேட்டிலிருந்து கீழே நான்கு சந்துகள் இறங்குகின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் அந்த ஓடை. அதன் மேல் ஒரே ஒரு தென்னந்தடி கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடப்பார்கள். அத்தை தினமும் அந்தத் தடி மேல் நடந்து மூன்றாம், நான்காம் சந்துகளுக்குத்தான் போனார். முன்னால் என் கணவரும் அவர் சிநேகிதரும் பச்சை ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். "பாலம் கட்டித் தர்றேன், இது என் வாக்கு" என்று வீடு வீடாகச் சொன்னார். மேட்டுக்கு மேலே இருந்த வீடுகளுக்கு அப்புறம் போகலாம் என்று விட்டுவைத்தார்.

பிரச்சாரம் முடியப்போகும் நேரத்தில் பெரிய மழை ஒன்று தென்னந்தடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் போய் நின்றபோது அக்கரையில் மூன்றாம் சந்து வங்காள அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுபவர், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே கத்தினார், "ஆண்ட்டி! ஹமாரா வார்டு தோ அலக் ஹை!" எங்கள் வார்டு வேறு என்கிறார்.

"என்னா புள்ள சொல்ற? நாலா தக்னு தானே ஆபீஸ்ல சொன்னான்?"

தீதி கீழே நுரைத்து ஓடும் தண்ணீரைக் காட்டி, "யஹீ தோ நாலா ஹை" என்றார். இதுதானே நாலா என்கிறார்.

 தீதிதான் முதலில் சிரித்தார், சிரித்துச் சிரித்து அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தையும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அம்மா, மிச்சமிருக்கிற நேரத்துலயாவது மேட்டுக்குப் போவோம். இந்தப் பக்கம் இனிமே வரவே வேணாம்" என்றார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாலம் கட்டித் தர்றேன்னு சொல்லிட்டேனே. சொன்ன வாய்க்கு வார்டு ஏதுடா? அந்த ஏணியக் கான் மேல போடு."

போட்டார்கள். மேலே இரண்டு பலகை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். தீதியின் மகள்தான் முதலில் நடந்து வந்தாள். என் கணவர் மட்டும், "சின்னத்தையே ஓடையில போட்டுட்டா ஊர்வலத்துக்கு எதைத் தூக்குறது?" என்று புலம்பிக்கொண்டே முடிச்சை இறுக்கினார். இரண்டு வார்டுக்கும் ஓட்டுச்சாவடி ஓடைக்கரைப் பள்ளிக்கூடத்தில்தான். ஓட்டுப்போடும் நாளில் எதிர்க்கட்சிக்காரர்கள், சாவடிக்குப் பக்கத்தில் ஏணிச் சின்னம் கிடக்கிறது என்று புகார் செய்தார்கள். அதிகாரி வந்து பார்த்தார். எடுத்தால் ஜனங்கள் எப்படி வருவார்கள் என்று யோசித்து, அதன் மேல் ஒரு நீலத் தார்ப்பாயை விரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். புகார் செய்தவர்களும் அதன் மேல்தான் நடந்துபோனார்கள்.

அத்தை தோற்றார், கொஞ்ச ஓட்டில்தான். நாங்கள் போகாத மேட்டு வீடுகள் கவிழ்த்துவிட்டன. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. மறுநாள் காலையில் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். "தோத்தது நான் தானே புள்ள? பாலமா தோத்துச்சி?" என்று செருப்பைத் தேடினார்.

ஓடை எல்லைக்கோடு என்பதால் இரு பக்கத்து வார்டிலும் ஜெயித்த இரண்டு கவுன்சிலர்களும் அது அந்தப் பக்கத்து வேலை என்று கையைக் காட்டினார்கள். அத்தை விடவில்லை. நல்ல மழை நாளாகப் பார்த்து இருவரையும் டீக்கு அழைத்தார். எங்கள் வார்டுக்காரருக்குத் தீதி வீட்டில், அந்தப் பக்கத்துக்காரருக்கு எங்கள் வீட்டில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாக ஏணியில் ஏறி, நடுவில் முகத்துக்கு முகம் நின்றார்கள். ஏணி கிரீச்சிட்டது. படி ஒன்று போனது, இன்னொன்றும் போனது. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர்களைப் பார்த்து, "இப்ப நீங்க நிக்கிற எடம் யார் வார்டு?" என்று அத்தை கரையிலிருந்து கேட்டார். அடுத்த மழைக்கு முன் சிமென்ட் பாலம் வந்துவிட்டது. பாலத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு கவுன்சிலர் பெயர். அத்தையின் பெயர் எங்கும் இல்லை.  அவர் உடைந்த ஏணியை மட்டும் கேட்டு வாங்கிவந்து சாய்ப்பில் மாட்டினார்.

அத்தை போன பிறகு இந்த வீட்டில் சத்தமே குறைந்துவிட்டது. அவர் திட்டுவதைக் கேட்கவாவது ஆசையாக இருக்கிறது.

போன வாரம் மறுபடியும் வார்டுகளைப் பிரிக்கும் பேச்சு கிளம்பி, ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே போனில் யாருக்கோ எல்லை சொன்னாள்.

"ஹாங், சீடி புல் தக்."

ஏணிப் பாலம் வரைக்கும். அந்தப் பாலத்தில் ஏணி எதையும் அவள் பார்த்திருக்க மாட்டாள். ஊரில் எல்லோரும் சொல்கிற பெயரைத்தான் அவளும் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டுச் சாய்ப்புப் பக்கம் போனார். மறுநாள் கடையிலிருந்து வரும்போது ஒரு டப்பா பச்சை பெயின்ட் வாங்கிவந்தார்.