நீலச்சட்டைக்காரன் செத்த சனிக்கிழமை

போன ஆடியில் மாரியம்மன் தேர் அச்சு முறிந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டதே, அதற்கு மறுவாரம். சிங்காநல்லூரிலிருந்து சோமனூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் ஒரு காலேஜ் பெண் செல்போனைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க தாத்தா. சீரியல்ல ஹீரோ செத்துட்டாருங்க. பறக்கறவரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பறக்கிறவன் ஒருவன் செத்ததற்காக எங்கள் தெருவில் தறியையே நிறுத்தினோம் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

டிவி என்றாலே எனக்குச் சீயக்காய் வாசம்தான். நான் அந்தக் காலத்தில் விசைத்தறி ஓட்டிய குடோனின் முதலாளி ஆறுமுகண்ணன், சனிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு குடோனை ஒட்டிய வீட்டில் டிவி முன்னால் வந்து உட்காருவார். வடக்கே எடுத்த தொடர். வாய் ஒன்று பேசும், தமிழ் ஒன்று கேட்கும். நீலச்சட்டை போட்ட ஒருவன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுவான். பேர் என்னமோ எழுதிக் காட்டுவார்கள். எழுத்துக்கும் எனக்கும் பழக்கமில்லை. நூல் அறுந்து தறி தானாக நின்றால் எனக்குச் சந்தோஷம். அந்தச் சாக்கில் ஜன்னல் வழியாக நானும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

எதிர்க் குடோன் அவர் தம்பி துரைசாமியுடையது. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிற முறையில் வந்த மனத்தாங்கல், வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அந்த வருஷம் தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்காமல் தம்பி வரமாட்டார். "மூத்தவன் நானு, அவன் வாசப்படிய மிதிக்கோணுமா?" என்று அண்ணன் போகமாட்டார். சித்தப்பன் இல்லாமல் என்ன கல்யாணம் என்று அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அண்ணன் சம்சாரம் ராஜாமணியக்கா தட்டத்தில் வெற்றிலையை எடுத்து வைப்பார், வாடினால் மாற்றுவார். தட்டம் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை டிவியில் அணை உடைந்தது. நீலச்சட்டைக்காரன் உடைப்பில் போய் நின்று முதுகைக் கொடுத்தான். இருந்த சக்தியெல்லாம் வடிந்து, தண்ணீர் அவனை மூடிவிட்டது. சட்டை மட்டும் மிதந்தது.

"இத்தன பேரு கரையில நிக்கறானுங்க, ஒருத்தன் எறங்கலையேடா!" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டே குடோனுக்குள் வந்தவர், மெயின் சுவிட்சை இறக்கிப்போட்டுவிட்டு, திரும்பப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அந்த வீட்டுத் தறி முதலில் நிற்கும். சத்தம் அடங்கியதைக் கேட்டு அடுத்த குடோன் நிற்கும். யார் என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். அன்றைக்கும் அப்படித்தான் ஒவ்வொன்றாக அடங்கி, தெருவே மூச்சுவிடாமல் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க் குடோனிலிருந்து துரைசாமி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"அண்ணா! ஏனுங்கண்ணா!"

வீட்டுக்குள் வந்தால் அண்ணன் சேரில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கறீங்களா?"

"எனக்கு என்றா ஆச்சு? போனது அவன்" என்று டிவியைக் காட்டினார் அண்ணன்.

துரைசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ராஜாமணியக்கா கெட்டிக்காரி. தட்டத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, கல்யாணத்துக்கு வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்."

"எழவு ஊட்டுல வெத்தல பாக்கு வாங்கலாமுங்களா அண்ணி?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"வாங்கிக்கடா. அவனென்ன நமக்குப் பங்காளியா, தீட்டு வாரதுக்கு?"

துரைசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்த நீலச்சட்டைக்காரன் தண்ணீரிலிருந்து சொகுசாக எழுந்து வந்துவிட்டான். "இவனுக்குப் போயி தறிய நிறுத்திப்போட்டனே!" என்று அண்ணன் வைதார். பக்கத்துச் சேரில் தம்பி குலுங்கிச் சிரித்தார். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அந்தச் சேரில் அவர்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிறகு கூலி கட்டுபடியாகாமல், தறிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். துரைசாமி துடியலூருக்கு மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். ஆறுமுகண்ணன் நிஜமாகவே போன அன்றைக்குத் தெருவில் நிறுத்த ஒரு தறி இல்லை. போன் போய்த்தான் தம்பி வந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் நின்னதே எனக்குக் கேக்கலையேடா" என்று அழுதார்.

அன்றைக்கு அவரிடம் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எனக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் போக முடியாது. நீங்கள் துடியலூர்ப் பக்கம் போனால் விசாரித்து அவரிடம் சொல்லிவிடுங்கள்: அண்ணன் கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் டிவி முன்னால் இரண்டு சேர்தான் போடச் சொன்னார்.