தகரக் கூரையில் வைத்த மெழுகுக் கட்டி

வேடசந்தூர்ப் பக்கம் மொக்கைச்சாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பொன்னழகு புருசன் என்றால் வழி காட்டுவார்கள். அவள் சித்தையன்கோட்டையில் நஞ்சைக்காட்டில் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்தது மழையை நம்பி மானம் பார்த்த மேட்டுக்காடு. மாமனார் விட்டுப் போன ஏழெட்டு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு சில வருசம் தள்ளினாள். வளர்ப்பதை விட வாங்கி விற்பதில்தான் பிடிமானம் என்று பட்டதும் வியாழக்கிழமை தோறும் அய்யலூர்ச் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். ஆட்டின் முதுகில் விரலை ஊன்றி, இடுப்புச் சதையைப் பிடித்துப் பார்த்து, கறி எவ்வளவு தேறும் என்று சொல்வாள். சில வாரம் தப்பும். தப்பினால் ரெண்டு நாளைக்கு வீட்டில் யாரோடும் பேச மாட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் வயிறு உப்பத் தொடங்கியது. சந்தையில் ஒரு யாவாரி, "என்னத்தா, பேரன் எடுக்கிற வயசுல நீயே சினையா?" என்று கேலி பேசினான். இவளும் சிரித்தாள். திண்டுக்கல்லில் வயிற்றைத் திறந்தபோதுதான் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு மதுரையில் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. விரல்தான் மரத்துப்போனது. ஆட்டு முதுகில் கை வைத்தால் சாக்கைத் தொட்டாற்போல் இருந்தது. ஒரு வருசத்துக்கு மேல் சந்தைக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினாள். உணர்ச்சி மெல்ல மெல்ல முக்கால்வாசி திரும்பிய நேரத்தில், வயிற்றுக்குள் மறுபடி சின்னச் சின்னக் கட்டிகள் என்று ஸ்கேனில் வந்தது.

"திரும்ப அந்த மருந்துன்னா என் கை போயிரும் டாக்டரம்மா. கை போனா யாவாரம் போச்சு" என்றாள்.

மதுரை டாக்டரம்மா அவசரப்படவில்லை. "ஒரே பேர்ல இருக்கிற கட்டிக்கெல்லாம் ஒரே குணம் இல்லம்மா. உங்க கட்டி எந்த மருந்துக்கு மசியும்னு பார்த்துட்டு முடிவு பண்ணுவோம். அன்னைக்கு எடுத்ததுல ஒரு துணுக்கை மெழுகுல பதிச்சு திண்டுக்கல் லேப்ல வச்சிருப்பாங்க. அதை வாங்கிட்டு வாங்க. அது இல்லேன்னா சோதிக்கிறதுக்கு மறுபடி வயித்தைத் திறக்கணும்."

மொக்கைச்சாமி சனிக்கிழமை போய் வாங்கி வந்தார். தீப்பெட்டியை விடச் சின்ன மெழுகுக் கட்டி. நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில் வைத்திருந்தார். அவருடைய அக்கா மாயம்மாள், புருசன் போனபின் தம்பி வீட்டோடு வந்து இருந்தவள், வாசலிலேயே மறித்தாள்.

"ஏலே மொக்கை, அறுத்துப் போட்டதை வீட்டுக்குள்ளயா கொண்டு வார?"

"வெறும் மெழுகுக்கா."

"மெழுகுக்குள்ள என்னலே இருக்கு?"

அவர் வாசலோடு திரும்பினார். பொன்னழகு உள்ளே படுத்திருந்தாள். கீழே வைத்தால் ஆடு வாய் வைக்கும் என்று ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரை மேல் சம்படத்தை வைத்து, காற்றுக்கு நகராமல் ஒரு கல்லையும் ஏற்றினார். சித்திரை மாசம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பொன்னழகு மூடியைத் திறந்தாள். மெழுகு உருகி, சம்படத்தின் அடியில் தோசை மாதிரி பரந்து உறைந்திருந்தது. பழுப்புத் துணுக்கு ஒரு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. மொக்கைச்சாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் வெளியில வைன்னேன். வெயில்ல வைன்னா சொன்னேன்?" என்றாள் மாயம்மாள்.

"மதினி, செத்த நேரம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பொன்னழகு சம்படத்தை மூடினாள். வழி நெடுக அதை மடியை விட்டு இறக்கவில்லை. மறுபடி வயிற்றைத் திறக்கச் சம்மதிப்பதா, திறக்காமலே பழைய மருந்துக்குக் கையை நீட்டுவதா என்று யோசித்தபடி மதுரை வந்து சேர்ந்தாள்.

அங்கே லேப்பில் நஜ்முன்னிசா என்ற பெண் சம்படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதைக் கழுவினீங்களா?"

"இல்லம்மா. அப்படியே கொண்டாந்தோம்."

"கழுவியிருந்தாத்தான் போயிருக்கும். மெழுகுதான் உருகியிருக்கு, சதை இருக்கு. புது மெழுகுல பதிச்சுக்கலாம். ஆனா சோதிக்கிறதுக்கு ஊத்துற சாயம் அதுல சரியாப் பிடிக்குமான்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்." பிறகு மொக்கைச்சாமியைப் பார்த்தாள். "அடுப்புலயா வச்சீங்க?"

"கூரையில" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

சாயம் பிடித்தது. அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். கட்டி மெதுவாக வளருகிற சாதி. அந்த மாதிரிக் கட்டியில் ஏற்றுகிற மருந்து பெரிதாக வேலை செய்வதில்லை. ஆனால் சினைப்பையை எடுத்த பின்னும் உடம்பில் கொஞ்சம் சுரக்கும் பெண் ஹார்மோனைப் பிடித்துத் தின்று வளரும் குணம் இதற்கு நிறைய இருக்கிறது. அந்தத் தீனியை நிறுத்த ஒரு மாத்திரை உண்டு. தினம் ஒன்று.

"அதுல சரியாயிருமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். மூணு மாசம் பார்ப்போம். வளர்ந்தா வேற யோசிக்கணும். மூட்டு வலி வரலாம்."

"விரலு?"

"விரல் மரத்துப் போறது இதுல கிடையாது."

"அப்ப மாத்திரையே குடுங்க."

வீட்டில் மாயம்மாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்புட்டுப் பெரிய நோவுக்கு இம்புட்டூண்டா? உன்னைய ஏமாத்திப்புட்டாக." ஆனாலும் தினம் ராத்திரி சோற்றுத்தட்டோடு அதையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தது அவள்தான்.

முழங்கால் வலித்தது. மாடிப்படி ஏறுகிற வேலை அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை என்பதால் சமாளித்தாள். மூன்று மாசம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"குறையலம்மா. ஆனா வளரவும் இல்ல. அப்படியே கிடக்கு."

"கிடந்துட்டுப் போகட்டும்" என்றாள் பொன்னழகு. "அடுத்த தடவை மட்டும் வியாழக்கிழமை வரச் சொல்லாதீங்க டாக்டரம்மா. சந்தை இருக்கு."