பெருச்சாளிக்கு ஐந்து படுக்கை

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'படுங்க' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. பெரியவர்களுக்கு அவர் 'நம்ம படுங்க', பிள்ளைகளுக்குப் 'படுங்க மாமா'. மெத்தைக் கடையில் சேர்ந்து, தலை நரைத்த பிறகும் விற்பனையாளராகவே இருந்தார். கடைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அதுதான்.

வாடிக்கையாளர் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "கையாலயா சார் தூங்கப் போறீங்க? செருப்பக் கழட்டிட்டுப் படுங்க" என்பார். புருஷன் மட்டும் படுத்து எழுந்து, "சரி, இதையே குடுங்க" என்றாலும் விடமாட்டார். "ஒருத்தர் படுத்துப் பாத்து இன்னொருத்தருக்கு மெத்தை எடுக்கக் கூடாது சார். முதுகு அவங்களோடது. அவங்களும் படுக்கட்டும்." இருவரும் கூச்சத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்த பிறகு அவர் செய்வதுதான் தொழில் ரகசியம். ஒன்றும் செய்யமாட்டார். விலை சொல்லாமல், புகழாமல், ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிப் போய் நின்றுகொள்வார். பக்கத்துக் கடைக்காரர்கள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி விற்றதைவிட, இவர் வாயை மூடிக்கொண்டு விற்றது அதிகம்.

இதெல்லாம் கடையோடு சரி. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் எதையும் யாரையும் கேட்டு முடிவெடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாவம். மனைவியை ஆச்சரியப்படுத்துவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. சமையலறைச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தது ஆச்சரியம். அவளுடைய தையல் மெஷினை விற்று அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி வந்தது இன்னொரு ஆச்சரியம். அவளும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்பட்டுத்தான் போனாள். அவர் எதிர்பார்த்த வகையில் இல்லை, அவ்வளவுதான்.

கினிப் பன்றிகளும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கப் போனவர், பை இல்லாமல், மகளோடும் இரண்டு கினிப் பன்றிகளோடும் திரும்பினார். பேருக்குத்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத எலி. ஒன்று வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தது. இன்னொன்றுக்குத் தலைமுடி நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வழியிலேயே மகள் அவற்றுக்கு உருண்டை, சிலுப்பி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையதுதான். அவள் கோபம் வந்தால் கத்தமாட்டாள், அறிவிப்பாள். குரல் எவ்வளவு மரியாதையாக இருக்கிறதோ, நிலைமை அவ்வளவு மோசம் என்று அர்த்தம்.

கூண்டுக்குள் குனிந்து பார்த்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள்.

அப்பாவும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்த வீட்டில் பெருச்சாளி நாற்றம் வரக்கூடாது. வந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு பயணிகளும் வாங்கிய கடைக்கே புறப்படுவார்கள்."

"பெருச்சாளி இல்லம்மா, கினிப் பன்றி" என்றாள் மகள்.

"ஆமா, பன்றின்னா மட்டும் மணக்குமாக்கும்."

மகளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எதுக்குடா அழற? படுக்கை சரியா இருந்தா நாத்தம் ஏன் வருது? படுக்கை விஷயத்துல அப்பா கோட்டை விடுவேனா?" விட்டார். ஒரு முறை அல்ல, வரிசையாக மூன்று முறை.

முதலில் தச்சுப் பட்டறைக்குப் போய் ஒரு சாக்கு மரச்சீவல் அள்ளி வந்தார். பைன் மரச் சீவல், சுருள் சுருளாக, வீடே மணத்தது. சாயங்காலத்துக்குள் உருண்டை தும்மியது. சிலுப்பி தும்மியது. கடைசியில் மனைவியும் தும்மினாள். மூவரும் முறை வைத்துத் தும்முவதைக் கேட்டுவிட்டு அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

"நமக்குத்தான் அது வாசனை. இதுங்க நெஞ்சுக்கு ஆகாது" என்றார் டாக்டரம்மா. "தூசி இருக்கக் கூடாது. ஈரத்த உறிஞ்சணும். மெத்துனு இருக்கணும். உள்ளங்கால்ல முடி கிடையாது பாருங்க, ஈரத்துலயே நின்னா புண்ணாயிடும். நாத்தம் வர்றது இதுங்களால இல்ல, ஈரம் காயாத படுக்கையால."

ஈரத்தை உறிஞ்ச வேண்டும், அவ்வளவுதானே என்று அடுத்து பழைய செய்தித்தாள்களை விரித்தார். அது உறிஞ்சியது வரைக்கும் உறிஞ்சிவிட்டு, பிறகு கூழாகிவிட்டது. மறுநாள் காலை உருண்டையின் வெள்ளை வயிற்றில் விளையாட்டுப் பக்கத்து மை முழுக்க ஏறியிருந்தது. கூடத்தில் லேசாக ஒரு வாடையும் எட்டிப் பார்த்தது. மனைவி மூக்கை மட்டும் ஒரு முறை உறிஞ்சினாள். அது முதல் எச்சரிக்கை.

இதோடு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரையே தூங்கவைத்தவனுக்கு இரண்டு குட்டிப் பிராணிகளைத் தூங்கவைக்க முடியாதா? கடையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கும் மெமரி ஃபோம் மாதிரித் துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து கூண்டுக்கு அளவாக வெட்டிப் போட்டார். படுத்தவர் உடம்பை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று விற்கிற உயர்ந்த சரக்கு. பொழுது விடிந்து பார்த்தால் நினைவில் வைத்துக்கொள்ள அங்கே ஃபோமே இல்லை. கடித்துக் குதறித் துகள் துகளாக்கியிருந்தன. நல்லவேளை, விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால் குடல் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டரம்மா அவரைக் கிழி கிழி என்று கிழித்தார். அவர் அசடு வழியக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டில் இப்போது வாடை எட்டிப் பார்க்கவில்லை, உட்கார்ந்தே விட்டது. "ஞாயிறு மாலை வண்டி குறித்த நேரத்தில் புறப்படும்" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வந்தது. மகள் சாப்பிடாமல் கூண்டுப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள். அதைப் பார்த்ததும் அவரும் தட்டைத் தள்ளி வைத்தார். வாங்கித் தந்தவனே பறிகொடுக்கவும் வைப்பதா?

சனிக்கிழமை கடையில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பெரியவர் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போல் "படுங்க" என்றார். சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. இத்தனை நாளும் கினிப் பன்றிகளுக்குப் பதிலாக நாமல்லவா அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்! அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, அட்டைப் பெட்டிகளால் வேலி கட்டி, உள்ளே ஐந்து படுக்கை போட்டார். பிராணிக் கடையில் விற்கும் காகிதத் துகள் ஒரு மூலையில். டாக்டரம்மா தேறும் என்று சொன்ன, தூசி சலித்த வேறு மரச்சீவல் அதற்குப் பக்கத்தில். காய்ந்த புல் கொஞ்சம், பழைய துண்டு ஒன்று. கடைசியாக, ஈரம் உறிஞ்சும் குழந்தை விரிப்பைக் கீழே போட்டு, அதன்மேல் மெத்தென்ற நீல நிற ஃப்ளீஸ் போர்வை. போர்வை மனைவியின் அலமாரியிலிருந்து எடுத்தது. கேட்டு எடுத்தாரா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

"இப்ப என்னப்பா பண்ணணும்?" என்றாள் மகள்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. பேசவும் கூடாது. தள்ளி வந்து உக்காரு."

இருவரும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள். உருண்டை காகிதத் துகளில் ஏறியது, இறங்கியது. சிலுப்பி புல்லைப் பார்த்ததும் படுக்க வேண்டியதைத் தின்ன ஆரம்பித்தது. இரண்டும் மரச்சீவலை முகர்ந்துவிட்டு, துண்டின்மேல் நடந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போர்வைக்கு வந்தன. உருண்டை அதில் ஒரு சுற்று சுற்றி, பின்னங்கால் இரண்டையும் நீட்டி, வயிறு படியப் படுத்தது. சிலுப்பி இருந்த இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு, உருண்டையை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடியது.

"படுத்துருச்சு!" என்று அவர் கிசுகிசுத்தார். வாழ்நாளில் எத்தனையோ மெத்தை விற்றிருக்கிறார். இப்படி ஒரு சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

"அது என் போர்வை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வேலை முடிந்து வந்த மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. அவளோ போர்வையை விட்டுவிட்டு, வேலிக்குள் இருந்த படுக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பெருச்சாளிக்கு அஞ்சு படுக்கையா?"

"ஆமா! அதுங்களே படுத்துப் பாத்து எடுத்துக்கிச்சு" என்றார் அவர், தொழில் பெருமை தாளாமல். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் படுக்கை எடுக்கவே கூடாது. முதுகு அதுங்களோடது பாரு."

நுணலும் தன் வாயால் கெடும்.

"ஓஹோ" என்றாள் மனைவி. "நம்ம கட்டில்ல கெடக்குதே ஒரு மெத்தை. அதுல என்னைய எப்பங்க படுத்துப் பாக்கச் சொன்னீங்க?"

கல்யாணத்துக்கு முந்தின வாரம், கடையிலேயே விலை உயர்ந்த, மெதுவிலும் மெதுவான ஸ்பிரிங் மெத்தையை அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டவர் அவர். அந்த மெத்தையைப் பற்றி அவர் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை.

"மெத்தைங்களா அது? நடுவுல பள்ளம். காலைல எழுந்தா இடுப்பு எனக்குச் சொந்தமில்ல. நாளெல்லாம் மைக் முன்னால நிமிந்து உக்காந்து பேசறவ நான்."

"முதல் நாளே பிடிச்சிருந்துச்சே உனக்கு?" என்றார் அவர் பரிதாபமாக. "படுத்த உடனே எம் பக்கம் உருண்டு வந்தியே."

"ஆசையில வந்தேன்னு நெனச்சீங்களா? பள்ளம்!"

மகள் பக்கத்தில் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. இத்தனை வருட சந்தோஷத்தை ஒரே சொல்லில் பள்ளத்தில் தள்ளிவிட்டாளே! இடுப்பு வலி, இடுப்பு வலி என்று அவள் முனகிய காலை நேரங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருநாளும் அவர் திரும்பிக்கூடக் கேட்டதில்லை.

"நாளைக்கு நான் கடைக்கு வரேன்" என்றாள் அவள். "பெருச்சாளி போறதா இருக்கறதாங்கறத அப்புறம் அறிவிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற வாடிக்கையாளரோடு வாடிக்கையாளராக அவள் உள்ளே வந்தாள். முதலாளி கல்லாவில் இருந்தார். வந்தவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"மெத்தை பாக்கணும்" என்றாள், கட்டிய புருஷனை முன்பின் பார்த்திராதவள் போல.

அவர் மெத்தை வரிசைப் பக்கம் கையைக் காட்டினார். "படுங்கம்மா" என்றார்.

ஸ்பிரிங் மெத்தையில் படுத்தாள், எழுந்தாள். ஃபோமில் படுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள். இறகு மெத்தையில் புதைந்து போனவளை மகள் கைகொடுத்து இழுத்தாள். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த கெட்டி நார் மெத்தையைக் காட்டி, "அது?" என்றாள். அது கடையிலேயே மட்டமான சரக்கு. யாருக்கும் காட்டாமல், அவர் சாப்பாட்டுப் பையை வைக்கிற இடமாக அதை வைத்திருந்தார். பையை எடுத்தார். அவள் படுத்தாள். அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

வெகுநேரம் அவள் எழவில்லை. பிறகு அங்கிருந்து ஒரு குறட்டை கேட்டது. பேருந்து நிலையத்தையே கட்டி மேய்க்கிற குரலாயிற்றே, குறட்டையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது.

"யாருய்யா அது?" என்று முதலாளி எழுந்து வந்தார்.

"கஸ்டமர் சார்."

"எழுப்புய்யா!"

"மாட்டேன் சார்" என்றார் அவர். முதலாளியிடம் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வாய் பிளந்து தூங்குகிறவளை ஒரு புதுமணத் தம்பதி பொறாமையோடு பார்த்தார்கள். "இது அவ்வளவு நல்லா இருக்குமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, குறட்டைதான் சொன்னது. கிடங்கில் தூசி படிந்து கிடந்த நார் மெத்தை அத்தனையும் கடை சாத்துவதற்குள் விற்றுத் தீர்ந்தன. "இந்தம்மா வாராவாரம் வருவாங்களா, கேட்டுச் சொல்லு" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி.

மகள் மட்டும் மெத்தையின் கால்மாட்டில் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாலை வந்துவிட்டது. அம்மா கண் விழித்து எழுந்து உட்கார்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கடை மொத்தமும் காத்திருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள். "இன்று மாலை புறப்பட இருந்த இரண்டு கினிப் பன்றிகளின் பயணம் ரத்து செய்யப்படுகிறது." மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். அவளை அணைத்தபடியே புருஷனைப் பார்த்து, "அந்தப் போர்வைய அதுங்களே வச்சுக்கட்டும். தெனமும் அடியில விரிப்ப மாத்தறது உங்க வேலை. எனக்குப் புதுசா ஒண்ணு வேணும். நானே வந்து எடுப்பேன்" என்றாள். அப்போதுதான் முதலாளிக்கு விஷயம் விளங்கியது.

அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அவளுக்கும் அன்று மதியத்தோடு வேலை முடிந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நார் மெத்தை வந்து கட்டிலில் ஏறியது, பலகை போலத் தட்டையாக. அவருடைய முதுகை இம்முறை யாரும் கேட்கவில்லை. அதுவும் நியாயம்தான். அவள் சுவர் ஓரமாகப் படுத்தாள். அவர் இந்த ஓரத்தில் படுத்து, கடைக்கு வருகிறவர்களைப் போலவே கூரையைப் பார்த்தார். இந்த மெத்தையில் யாரும் யார் பக்கமும் தானாக உருண்டுவிட முடியாது.

கூடத்தில் சிலுப்பி ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

கட்டில் லேசாகக் கிரீச்சென்றது. தோளில் அவள் தலை வந்து பட்டது.

"இதுல பள்ளம் இல்லையே..." என்றார் அவர்.

"பேசாதீங்க" என்றாள் அவள். "படுங்க."